சத்தம் நிற்கிற இடம்

என் தங்கைக்குக் காதில் சத்திரசிகிச்சை நடந்த வருடத்தில்தான் எங்கள் வீட்டுக் கணினிக்குள் தண்ணீர் ஓடத் தொடங்கியது. ஒன்று நடந்திராவிட்டால் மற்றதும் நடந்திராது.

நாங்கள் இருவரும் வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கையொன்றில், மாடி வீடொன்றின் கீழ்த்தளத்தில் இருக்கிறோம். நான் கலியாண வீடியோக்களை வெட்டி ஒட்டுகிறவள். படம் பிடிப்பவர்கள் வேறு ஆட்கள். அவர்கள் கொண்டுவந்து தருவதை முழுவதும் பார்த்து, தேர்ந்து, நிறம் சரிசெய்து, பாட்டுச் சேர்த்து, இரண்டு வீட்டாரும் கோபிக்காத அளவுக்கு இரு பக்கத்து முகங்களையும் நிரவிக் கொடுப்பது என் வேலை. தங்கை கடலைக் கேட்கிறவள். அவளுடைய வேலையைப் பற்றி யாரும் விசாரித்தால் நான் அப்படித்தான் சொல்வேன். தெற்குக் கடலில் நீருக்கடியில் இறக்கிவைத்த ஒலிவாங்கிகள் பதிந்து வைத்திருப்பதை ஓர் ஆராய்ச்சிக் குழு அவளுக்கு அனுப்பும். அவள் அதைக் கேட்டு, எங்கே கப்பல், எங்கே மழை, எங்கே திமிங்கிலம் என்று குறித்துத் திருப்பி அனுப்புவாள்.

இரண்டு வேலையும் ஒரே முன்னறையில்தான் நடந்தன. அவள் காதை முழுவதும் மூடுகிற பெரிய ஹெட்போன் ஒன்றை மாட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவாள். என் கணினி என்ன கத்துக் கத்தினாலும் அவளுக்குத் தெரியாது.

கணினி கத்தத்தான் செய்தது. அதற்குக் காரணம் நான். கலியாண மாதங்களில் வேலை குவிந்துவிடும். ஒரு முழு வீடியோவைக் கணினி கோத்து முடிக்கும்வரை அடுத்ததைத் தொட முடியாது. புதுக் கணினிக்கு வழியில்லாததால், இருக்கிற கணினியின் மூளையான புரொசசரையே, அதைச் செய்தவர்கள் வகுத்த வேகத்துக்கு மேலாக ஓடவிட்டிருந்தேன். ஓவர்க்ளொக் என்பார்கள். சில அமைப்புகளை மாற்றினால் போதும். யாரிடமும் போகாமல் நானே பார்த்துப் பார்த்துச் செய்தேன். வேகம் கூடியது. கூடவே வெப்பமும் ஏறியது. அதன் தலையில் இருந்த உலோகக் கூலரின் விசிறி அந்த வெப்பத்தைத் துரத்துவதற்காக நாள் முழுக்க இரைந்துகொண்டே இருக்கும். எனக்கு அது பழகிவிட்டது. பக்கத்து வீட்டுக் குழாய்ச் சத்தம் பழகுவதுபோல.

தங்கையின் செவிப்பறையில் இருந்த ஓட்டையை அடைத்து, கட்டெல்லாம் அவிழ்த்த பிறகு, டொக்டர் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். "ஹெட்போன் பக்கமே போகக்கூடாது, பிள்ளை. நான் சொல்லுமட்டும் காதை ஒண்டும் அழுத்தக்கூடாது."

அதனால் அவள் ஸ்பீக்கரில் கேட்கத் தொடங்கினாள். நான் பாட்டுக் கேட்பதற்காக வைத்திருந்த, இடுப்பளவு உயரமான இரண்டு பழைய பெட்டிகளைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டாள். தெருச் சத்தம் வரக்கூடாது என்று யன்னல்களைச் சாத்தினாள். மேல் விசிறியையும் நிப்பாட்டினாள். அது சித்திரை மாதம். உள்ளே இருந்த எங்கள் இருவருக்கும் வியர்த்து ஒழுகியது. கணினிக்கும் மூச்சு முட்டி, விசிறி முன்னரைவிட வேகமாக இரைந்தது.

அந்த நாட்களில் ஒரு பகல், அவள் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அக்கா, இஞ்ச வாங்கோ. கேளுங்கோ. கீழ, நல்லாக் கீழ."

நான் அவளருகே தரையில் உட்கார்ந்தேன். ஸ்பீக்கரிலிருந்து வந்தது பெரும்பாலும் கப்பல்களின் உறுமல். தெற்குக் கடல் கப்பல்களின் பெருந்தெரு. அந்த இரைச்சல் இல்லாத பதிவே கிடையாது என்று அவள் சொல்வாள். ஒலியைத் திரையில் படமாகப் போட்டுப் பார்த்தாலும் கீழ்ப்பகுதி முழுவதும் கறுத்துப்போய் இருக்கும். அதற்குள் எது ஒளிந்திருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் இவளுடைய காது அவர்களுக்குத் தேவைப்பட்டது.

அந்த உறுமலுக்கு நடுவே, ஓம், ஏதோ இருந்தது. ஏறாமல் இறங்காமல் ஒரே சுருதியில் நிற்கும் ஒரு தாழ்ந்த நாதம்.

"நீலத் திமிங்கிலம்," என்றாள். "எங்கட கடல்ல இருக்கிறதுகள் பாடுற பாட்டில கடைசித் துண்டு இப்பிடித்தான் நிக்கும். மற்றதெல்லாம் எங்கட காதுக்கு எட்டாத ஆழத்தில. இது ஒண்டுதான் மேல வரும்."

அடுத்த பதிவைப் போட்டாள். அதிலும் இருந்தது. அதற்கடுத்ததிலும் இருந்தது. அவள் கண் கலங்கிப்போய், குழுத் தலைவிக்குப் போன் எடுத்தாள். தலைவி நிதானமான மனுஷி. "எல்லாப் பதிவிலயும் ஒரே மாதிரி இருக்கெண்டு சொல்லுறீர். அவசரப்படாமல் ஒருக்கா யோசிச்சுப் பாரும்," என்று அவர் சொன்னது எனக்கும் கேட்டது.

அவர்கள் கதைத்துக்கொண்டிருக்கும்போதே என் கணினி எடுத்த வேலையை முடித்தது. விசிறி மெல்ல அடங்கியது. அதோடு திமிங்கிலமும் அடங்கியது.

தங்கை போனை மற்றக் காதிலிருந்து எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் போய் வேலையைத் திரும்பத் தொடக்கினேன். விசிறி வேகமெடுத்து ஓரிடத்தில் நிலைத்தது. அதே சுருதி. அவள் ஸ்பீக்கரை நிப்பாட்டிய பிறகும் அது அறையில் நின்றது.

"அக்கா, நான் இவ்வளவு நாளும் தேடின திமிங்கிலம் உங்கட மேசைக்குக் கீழ கிடக்குது," என்று சொல்லிச் சிரிக்கத் தொடங்கினாள். சிரித்து முடிந்ததும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

வேகத்தைக் குறைத்துப் பார்த்தேன், வேலை தேங்கியது. படுக்கையறைக்குக் கணினியை மாற்றுவோமென்றால் அங்கே மேசை வைக்கவே இடமில்லை. மிஞ்சியது கூலரை மாற்றுவது. காற்றால் குளிர்விக்கிறதை எடுத்துவிட்டு, தண்ணீரால் குளிர்விக்கிறதைப் போடுவது.

அடுத்த சில நாட்கள் நான் அதைப் பற்றியே வாசித்தேன். முன்பு வேகத்தைக் கூட்டியபோது வெப்பத்தை ஒரு தொல்லையாக மட்டுமே நினைத்திருந்தேன். இப்போதுதான் அதை உட்கார்ந்து யோசித்தேன். ஒரு தபால் முத்திரை அகலம்கூட இல்லாத சில்லு அந்தப் புரொசசர். அத்தனை சின்ன இடத்திலிருந்து, கையை வைத்தால் சுட்டுவிடும் அளவு வெப்பம் ஓயாமல் வந்துகொண்டிருக்கிறது. அதன் தலையில் ஒரு செப்புத் தட்டு. தட்டுக்கு மேலே உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு பம்ப். பம்ப் தள்ளும் நீர் குழாய் வழியே ரேடியேட்டருக்குப் போய், வெப்பத்தை அங்கே சுற்றும் விசிறிகளின் காற்றில் விட்டுவிட்டுத் திரும்பி வரும். அடைத்து முத்திரையிட்ட அதே கொஞ்ச நீர்தான் வருடக்கணக்காகச் சுற்றிக்கொண்டிருக்கும். காருக்குள் இருப்பதும் இதே ஏற்பாடுதான். ஆனாலும் ஒரு பெண் தலைகுனிந்து தாலி வாங்குகிற காட்சியைக் கணினி கோக்கும்போது, அதற்காக எங்கோ தண்ணீர் சூடாகி ஓடுகிறது என்பதை நினைக்க எனக்கு மலைப்பாக இருந்தது.

பம்பலப்பிட்டியில் கணினிக் கடைகள் நிறைந்த கட்டடத்துக்கு இருவரும் போனோம். கடைக்காரர் சிங்களத்தில் கதைத்தார், நல்ல மனிதர். எதைக் காட்டினாலும் இது சத்தமே போடாது என்றார். ஒன்றை இயக்கிக் காட்டச் சொல்லித் தங்கை கேட்டாள். அவர் ஒரு சுவிட்சைத் தட்ட, விசிறிகள் பச்சையும் ஊதாவுமாக மின்னின. மேலே ஏசி, பக்கத்துக் கடையில் பாட்டு, சுற்றிவர ஆட்கள்.

"வெளிச்சம் வடிவாத் தெரியுது," என்று தங்கை என் காதில் சொன்னாள். "சத்தம் எங்க, அக்கா? இதுக்குள்ள கடலே பொங்கினாலும் கேக்காது."

வீடு திரும்பும் வழியில்தான் எனக்குக் கொட்டாஞ்சேனைத் தம்பியின் நினைவு வந்தது. முந்தைய வருடம் அவருடைய கலியாண வீடியோவை நான் வெட்டியிருந்தேன். கணினி விளையாட்டுப் பிரியர்களுக்கு உதிரிப்பாகம் வாங்கிக் கணினி பூட்டிக் கொடுப்பது அவருடைய தொழில். அவருடைய கலியாணத்திலேயே கூட்டாளிகள் அதைச் சொல்லிக் கேலி பண்ணியதை நான் வெட்டாமல் விட்டிருந்தேன். படம் பிடித்தவரிடம் இலக்கத்தை வாங்கிப் பேசினேன். "ஞாயித்துக்கெழம பகல்ல வாங்க அக்கா. அன்னைக்குத்தான் நம்ம தெருவு கொஞ்சம் வாய மூடிக்கிட்டிருக்கும்," என்றார்.

துறைமுகத்துக்குப் போகும் லொறிகள் இல்லாத ஞாயிறு. தேவாலயத்தில் பூசை முடிந்து ஆட்கள் வீடுகளுக்குள் போய்விட்டார்கள். கதவைத் திறந்தது மணப்பெண். அவளை நான் நேரில் கண்டதே இல்லை. ஆனால் வாரக்கணக்காக அவள் முகத்தோடு இருந்தவள் நான். சிரிப்பதற்கு முன் கீழுதட்டைக் கடிப்பாள் என்று எனக்குத் தெரியும், கடித்தாள், சிரித்தாள். வெகுநாள் பழகியவள் மாதிரி நான் அவள் கையைப் பிடித்துவிட்டேன். அவளோ நான் யாரென்று விளங்காமல் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள்.

"நம்ம வீடியோ செஞ்ச அக்கா," என்றார் அவர்.

"அப்ப நான் அழுததெல்லாம் பாத்திருப்பீங்களே!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவர் எங்களுக்காக மூன்று கணினிகளை வரிசையாக வைத்திருந்தார். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு விதமான தண்ணீர்க் கூலர். மூன்றையும் கடும் வேலையில் ஓட்டிக் காட்டுவதாகச் சொன்னார். தங்கை வெட்கப்பட்டுக்கொண்டே, யன்னலைச் சாத்தலாமா, மேல் விசிறியை நிப்பாட்டலாமா என்று கேட்டாள். நால்வரும் அந்த அடைத்த அறையில் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

முதலாவதை இயக்கினார். சிறிய ரேடியேட்டர், இரண்டு விசிறி. "இதுதான் ஆகவும் சத்தம் கொறஞ்சது, தங்கச்சி. பெட்டியிலயே போட்டிருக்கு. வாங்கின எல்லாரும் அதத்தான் சொல்றாங்க."

உண்மையில் அது மிக மெதுவாகத்தான் இருந்தது. எனக்கு அங்கேயே பிடித்துவிட்டது. தங்கை கண்ணை மூடி, ஒரு கையை அதன் பக்கவாட்டில் வைத்தாள். பிறகு வாய் திறக்காமல், தொண்டைக்குள் மெல்ல ஒரு சுருதியைப் பிடித்தாள். அவளுடைய குரலும் அந்த இயந்திரத்தின் குரலும் ஒன்றையொன்று நெருங்கியதும், அறைக்குள் ஏதோ துடிக்கத் தொடங்கியது. வம், வம், வம் என்று, இருவரும் மூச்சு விட்டு விட்டுப் பாடுவதுபோல. அவள் குரலை ஒரு மயிரிழை இறக்கினாள். துடிப்பு நின்று இரண்டும் ஒன்றாகிவிட்டன. எது அவள், எது இயந்திரம் என்று பிரிக்க முடியவில்லை. எனக்குக் கை மயிர் எழுந்து நின்றது. என் கூடவே வளர்ந்தவள். இப்படி ஒன்று அவளுக்குள் இருக்கிறதென்று நான் அதுவரை கண்டதில்லை.

அவள் கண்ணைத் திறந்தாள். "இது சரிவராது அண்ணா."

"ஏன் தங்கச்சி? இவ்வளவு மெதுவா இருக்கே."

"மெதுவுதான். ஆனா அது சுருதியில நிக்கிற இடம் பிழை. நான் கேக்க வேண்டியதும் அந்த இடத்திலதான் நிக்குது. இது எவ்வளவு மெதுவா இருந்தாலும் அதுக்கு மேல குந்திக்கொண்டிருக்கும்."

இரண்டாவதில் பம்ப் மணிக்கூடு மாதிரித் தட்டிக்கொண்டிருந்தது. அதை அவரே வேண்டாமென்று நிப்பாட்டினார். மூன்றாவது, மூன்று விசிறிகளை வரிசையாகத் தாங்கிய நீண்ட ரேடியேட்டர். பரப்பு அதிகமானதால் விசிறிகள் அவசரப்படவில்லை. இதழ்களை எண்ணிவிடலாம்போல் சுற்றின. முதலாவதைவிட இது காதுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே கேட்டது. ஆனால் அதில் சுருதி என்று ஒன்று இல்லை. தூங்குகிறவரின் மூச்சுக் காற்று மட்டும். காதை ஒட்டிவைத்தால் பம்பிலிருந்து நூல்போல ஒரு மெல்லிய கீச்சு; அது எங்கோ மேலே, நுளம்பு இரையும் சுருதியின் உயரத்தில்.

தங்கை நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, "இது," என்றாள். "இது வழிவிட்டு நிக்குது."

அவர் அதுவரை அடக்கி வைத்திருந்ததைக் கேட்டார். "அப்பிடி என்னத்ததான் தங்கச்சி கேக்குறீங்க?"

அவள் சொன்னாள். ரயிலில் மாத்தறைக்குப் போகும்போது யன்னலோரம் தெரியும் அந்தக் கடலுக்குள்ளேயே, பஸ்ஸைவிட நீளமான உயிர்கள் போய்வருவதையும், அவை ஒன்றுக்கொன்று கண்ணுக்கெட்டாத தூரத்திலிருந்து பாடுவதையும், அதைக் கப்பல்கள் மூடிவிடுவதையும்.

"நம்ம கடல்லயா?" என்றாள் மனைவி. "இந்தா, இங்கன இருக்கிற கடல்லயா?" அவள் கை துறைமுகப் பக்கம் நீண்டது. புருஷன் எழுந்து போய் மேல் விசிறியைப் போட்டார். எல்லோருக்கும் அப்போதுதான் வியர்வை தெரிந்தது.

என் கணினியின் பெட்டிக்குள் அந்த நீண்ட ரேடியேட்டர் அடங்காது என்று பிறகுதான் தெரிந்தது. அவரே பெரிய பெட்டியொன்றைத் தேடிப் பிடித்து, அடுத்த விடுமுறை நாளில் வெள்ளவத்தைக்குக் கொண்டுவந்து பூட்டினார். மின்சாரத்துக்கு நடுவே தண்ணீர் என்ற பயம் என்னை விடவில்லை. குழாய்களுக்குக் கீழே டிஷூ விரித்து, புரொசசருக்கு வேலை கொடுக்காமல் பம்பை மட்டும் ஓடவிட்டார். உள்ளே ஏதோ களக் களக்கென்று குடித்தது. தங்கையின் புருவம் சுருங்கியது.

"காத்துக் குமிழ், தங்கச்சி. பயப்படாதீங்க," என்று பெட்டியைப் பிள்ளையைத் தாலாட்டுவதுபோல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சரித்தார். குமிழ்கள் மேலேறி ரேடியேட்டரின் உச்சியில் போய் ஒதுங்கிக்கொண்டன. களகளப்பு நின்றது. மறுநாள்வரை பொறுத்து டிஷூவைத் தொட்டுப் பார்த்தேன். ஒரு பொட்டு ஈரமில்லை.

பிறகு புரொசசரைப் பழைய வேகத்துக்கு ஏற்றி, மட்டக்களப்புக் கலியாணம் ஒன்றை அதனிடம் கொடுத்தேன். விசிறி இரையப்போகிறது என்று என் தோள்கள் பழக்கத்தில் இறுகின. ஒன்றும் வரவில்லை. கணினி நின்றுவிட்டதோ என்று குனிந்து பார்த்தேன். திரையில் வேலை ஓடிக்கொண்டிருந்தது. பெட்டியைத் திறந்து குழாயை விரல்களால் பிடித்தேன். இளஞ்சூடு. உள்ளே நீர் போவது விரலுக்கு லேசாகத் தெரிந்தது. மேலே காற்று வெளியேறும் இடத்தில் கையை வைத்தால் காய்ச்சல்காரரின் மூச்சு மாதிரி வெப்பம். அத்தனை உழைப்பும் அங்கேதான் நடந்துகொண்டிருந்தது, ஒரு முனகல்கூட இல்லாமல்.

அப்போதுதான் எங்கள் வீட்டில் வேறு என்னென்ன சத்தங்கள் இருக்கின்றன என்று தெரிந்தது. குளிர்சாதனப் பெட்டியின் முணுமுணுப்பு, மேல்வீட்டுக்காரரின் செருப்பு, பல்லி. கரையோர ரயில் வந்து போனால், அதன் பிறகு அலை கேட்டது. இத்தனை வருடம் கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்தும், வீட்டுக்குள் உட்கார்ந்து அலையைக் கேட்டது எனக்கு அதுதான் முதல் தடவை.

தங்கை பழைய பதிவுகளை ஆரம்பத்திலிருந்து கேட்கத் தொடங்கினாள். பல நாட்கள் கப்பல், மழை, கடலடி இறால்கள் பொரிபோல் வெடிக்கும் சத்தம். நான் என் மேசையில், அவள் தரையில். இரண்டு பேரும் ஒருவரையொருவர் தொந்தரவு செய்யாமல் ஒரே அறையில் வேலை செய்தோம்.

ஒரு பின்னேரம் அவள் எழுந்து நின்றாள். என்னைக் கூப்பிடவில்லை. நேரே என் மேசைக்கு வந்து, "அக்கா, இதை நிப்பாட்டலாமா?" என்றாள். பாதி முடிந்த வேலை. ஆனாலும் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிப்பாட்டினேன். கணினியையே அணைத்தேன். குளிர்சாதனப் பெட்டியின் வயரையும் அவள் கழற்றிவிட்டு வந்தாள்.

ஸ்பீக்கரில் கேட்ட நாதம் போகவில்லை.

தாழ்ந்து, தடித்து, ஒரே சுருதியில். தம்புராவின் பெரிய தந்தியை யாரோ மீட்டிவிட்டு மறந்துபோனதுபோல அது நீண்டுகொண்டே இருந்தது. நான் மூச்சை அடக்கினேன். என்னால் அடக்க முடிந்த நேரத்தைத் தாண்டியும் அது நின்றது. பிறகு மெல்ல ஓய்ந்தது. கப்பலின் உறுமல் மட்டும் மிஞ்சியது. கொஞ்சம் பொறுத்து, திரும்பவும் அதே இடத்தில், அதே நிதானத்தில் எழுந்தது. நான் ஸ்பீக்கரின் முகத்தில் உள்ளங்கையை வைத்தேன். காதால் கேட்டதைவிடக் கையால் கேட்டதுதான் எனக்கு இன்றைக்கும் நினைவில் இருக்கிறது. அது என் முழங்கைவரை ஏறியது.

தங்கை அழவில்லை, போனும் எடுக்கவில்லை. உட்கார்ந்து முழுவதையும் கேட்டு, ஒவ்வொரு எழுச்சியையும் குறித்து, இரண்டாம் தடவை சரிபார்த்து, மறுநாள்தான் அனுப்பினாள். சில வாரங்களில் தலைவியிடமிருந்து பதில் வந்தது. அவர்கள் வெகு தொலைவில் இன்னோரிடத்தில் இறக்கியிருந்த ஒலிவாங்கியிலும், அதே பொழுதில், கப்பல் இரைச்சலுக்கு அடியில் அதே குரல் கிடைத்திருக்கிறதாம். ஒரே ஒரு திமிங்கிலம். அதன் குரல் அவ்வளவு தூரத்தையும் நிரப்பியிருக்கிறது. தங்கை அதைப் படித்துக் காட்டியபோது நான் வரைபடத்தைத் திறந்து அந்த இரண்டு புள்ளிகளையும் தேடினேன். நடுவில் இருந்த நீலத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

டொக்டர் பிறகு ஹெட்போனுக்கு அனுமதி கொடுத்துவிட்டார். அவள் அதை எடுத்து இரண்டு நாள் மாட்டிப் பார்த்துவிட்டு வைத்துவிட்டாள். "தனியக் கேக்க ஒரு மாதிரியா இருக்கு," என்றாள்.

கொட்டாஞ்சேனைத் தம்பியும் மனைவியும் ஒரு சனிக்கிழமை வந்தார்கள். பம்ப் எப்படி இருக்கிறது என்று பார்க்க வந்ததாகச் சொன்னார்; அது சாட்டு என்று எல்லோருக்கும் தெரியும். நான் தேநீர் கொடுத்தேன். தங்கை அந்தப் பதிவைப் போட்டாள். என் கணினி அப்போதும் ஒரு கலியாணத்தைக் கோத்துக்கொண்டிருந்தது. அதை நிப்பாட்டத் தேவையிருக்கவில்லை.

இருவரும் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார்கள். நாதம் எழுந்ததும் மனைவி சட்டென்று புருஷனின் கையைப் பிடித்தாள். அவர் தலையைக் குனிந்து, கோயிலில் நிற்பவர்போல் இருந்தார். அது ஓய்ந்து, திரும்ப எழுந்து, ஓய்ந்தது.

"இது யாரக் கூப்பிடுது, தங்கச்சி?" என்று கேட்டார்.

"தெரியாது அண்ணா."

"பெரிய ஆட்களுக்குத் தெரிஞ்சிருக்குமே? உங்க தலைவி மிஸ்ஸுக்கு?"

"அவவுக்கும் தெரியாது. இன்னும் ஒருத்தருக்கும் சரியாத் தெரியாது. கூப்பிடுதோ, பாடுதோ, எங்க போறன் எண்டு சொல்லுதோ."

அவர் தலையை மெல்ல ஆட்டினார். தெரியாது என்ற பதில் அவருக்கு நிறைவாக இருந்ததுபோல் பட்டது. மனைவி, "இன்னொருக்கா போடுவீங்களா?" என்றாள். அப்போது கரையோர ரயில் ஒன்று வந்தது. யன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. அது தெகிவளைப் பக்கம் போய் மறையும்வரை நாங்கள் நான்கு பேரும் காத்திருந்தோம்.